டீசலுக்கு இரண்டு மருந்து

என்னுடைய ஒரே ஜோர்ஜெட் சேலைக்குக் கஞ்சி போட்டவர் அவர். தலவாக்கலைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் முன்பள்ளி டீச்சராகப் போய் ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. சேலையை அலசி, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசல் கம்பியில் போட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அது தகரம் மாதிரி விறைத்து நின்றது. பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுவார்கள். ஜோர்ஜெட்டுக்குப் போட்ட ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. யார் செய்த வேலை என்று குழாயடியில் கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"வேன்கார அக்காவாத்தான் இருக்கும் டீச்சர். கோவிச்சுக்காதீங்க. போகப் போக பழகிரும்" என்றார்கள்.

எனக்குப் பழகவே இல்லை. நான் வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். வீட்டைப் பூட்டினால் சாவியை நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவது லயத்து வழக்கம். அந்தச் சாவி அவருக்கு வசதியாகப் போயிற்று. மாலையில் வந்தால் விறகு பிளந்து அடுக்கியிருக்கும். பாவாடையில் பிரிந்த தையல் மூடியிருக்கும். உப்புப் போத்தலைத் தேடு தேடென்று தேடினால் அடுப்புக்குப் பக்கத்தில், ஈரம் படாத இடத்தில் இருக்கும். அதுதான் உப்புக்குச் சரியான இடம் என்று எனக்கே தெரியும். அதனால் கோபம் இன்னும் கூடும்.

அவர் என் பக்கத்து வீடு. கணவர் வேன் ஓட்டினார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை டவுனுக்குக் கொண்டுபோவார், மற்ற நேரங்களில் ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு. அக்கா பல வருஷம் கொழுந்து பறித்தவர். முழங்கால் தேய்ந்துபோய் நின்றுவிட்டார். அவருக்கு ஒரு பெயர் உண்டு, நல்ல பெயர். அதை இங்கே எழுதட்டுமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

அவர் செய்ததெல்லாம் எனக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தலை நிறைய பேன். அம்மாக்காரி காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால் மாலையில்தான் வருவாள், சீவிவிட நேரமில்லை. அக்கா ஒருநாள் அந்தப் பிள்ளையை உட்கார்த்தி மொட்டை அடித்து, மஞ்சளும் பூசி அனுப்பிவிட்டார். அம்மாக்காரி கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் வந்து நின்று கத்தினாள். பெரிய கோயிலுக்கு நேர்ந்துவைத்த முடியாம். மறுவாரம் அந்த அம்மாக்காரியே இன்னொரு பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கோயில் ஒலிபெருக்கிக் கதை இதைவிடப் பெரியது. திருவிழாவுக்குக் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். அது சாதாரணதரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் படிக்கிற நேரம். திடீரென்று பாட்டு நின்றுவிட்டது. கோயில் கமிட்டிக்காரர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாலை முழுக்க அலைந்தார்கள். டவுனிலிருந்து ரேடியோ திருத்துகிறவரைக் கூட்டிவந்தார்கள். அவரும் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். பரீட்சை முடிந்த அன்று பூசாரியின் விபூதித் தட்டில் ஒரு சின்ன ஃபியூஸ் கிடந்தது. யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. பூசாரி மட்டும் விபூதி கொடுக்கும்போது அக்காவைப் பார்த்து, "சாமிக்கும் கொஞ்சம் காது வலிச்சிருக்கும், என்னா?" என்றார்.

ஒருநாள் நான் அவரை நேருக்கு நேர் பிடித்துக்கொண்டேன். எதற்காக இப்படி யாருக்கும் சொல்லாமல் செய்கிறீர்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் ஏதோ தெரியாத பிள்ளை கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்க டீச்சர். பசிக்குதான்னு கேட்டா எந்தப் புள்ள ஆமான்னு சொல்லும்? முடியலையான்னு கேட்டா யாரு ஆமான்னு சொல்றா? இந்த லயத்துல ஆமான்னு வாயத் தெறந்து சொன்ன ஆளு இருக்காங்களா? நம்மதான் பாத்து செய்யணும்."

அது என்னமோ உண்மைதான். கேட்டால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். என் அம்மா இறந்துபோய், காரியம் முடிந்து நான் திரும்பி வந்த மாலை, வீட்டில் விளக்கு எரிந்தது. அடுப்பில் வெந்நீர் கொதித்தது. சோறும் பருப்பும் மூடி வைத்திருந்தது. அறையில் ஆள் இல்லை. பக்கத்துக் காம்பராவில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. வேறு யாராவது வந்து "சாப்பிடறீங்களா?" என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன். சுடுசோற்றைப் பார்த்ததும் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அவர்மேல் கோபப்பட்டாலும் அதில் காரம் இருக்கவில்லை.

வேனைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. அண்ணன், அதாவது அவருடைய கணவர், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்வார். குனிந்து, டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கிற சின்னத் திருகைத் திறந்து, கொஞ்சம் டீசலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மலைக்குளிரில் டேங்கி பாதி காலியாக இருந்தால் உள்பக்கம் வேர்த்துத் தண்ணீர் இறங்குமாம். தண்ணீர் கனம், டம்ளரில் அடியில் நிற்கும். டீசல் மேலே நிற்கும். நடுவில் கோடு போட்டது மாதிரித் தெரியும். கோடு தெரிந்தால் தண்ணீர் போகும் வரை திருகைத் திறந்து விடுவார். தெரியாவிட்டால் வண்டி கிளம்பும். அவர் அதிகம் பேசாத மனிதர். அந்த டம்ளரை மட்டும் நம்புவார். அக்கா கையில் தேநீரை வைத்துக்கொண்டு, அவர் நிமிர்கிறவரை பக்கத்தில் நிற்பார்.

அப்புறம் டீசலுக்கு வரிசை நின்ற வருஷம் வந்தது. பெற்றோல் செட்டிலிருந்து பாலம் வரைக்கும் வண்டிகள் நின்றன. அண்ணன் வேனிலேயே படுத்து, வேனிலேயே சாப்பிட்டு, ஒருநாள் டீசலோடு வருவார், இரண்டு நாள் வெறுமனே வருவார். அந்த நேரம் பார்த்துத்தான் மகள் தர்ஷினி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் கணவனுக்குக் கொழும்பில் கடை வேலை, பஸ் ஓடினால்தான் வருவான். கிளினிக்கில் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் எங்கேயும் நிற்காமல் நேரே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. வண்டி ஓட வேண்டும். அந்த ஒருநாள் ஓடினால் போதும்.

அண்ணன் பள்ளிக்கூட ஓட்டத்தை நிறுத்தினார். கிடைத்த டீசலையெல்லாம் ஒரு பெரிய இரும்புப் பெரலில் ஊற்றி வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, பழைய தார்ப்பாயால் மூடி வைத்தார். பிள்ளைப்பேற்றுக்கென்று வைத்த டீசல். யார் எதற்குக் கேட்டாலும் இல்லை என்றார். இல்லை என்று சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருந்தது, முகத்திலேயே தெரியும். நாள் நெருங்கியதும் பெரலிலிருந்து வேனுக்கு ஊற்றி, ஸ்டார்ட் செய்து, தோட்டத்து ரோட்டில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தார். வண்டி இருமியது. வெள்ளைப் புகை கக்கியது. திருகைத் திறந்து பார்த்தார், டம்ளரில் பாதி தண்ணீர். பெரலில் மீதியாக இருந்ததும் அதே டீசல்தான். வேறு டீசலுக்கு எங்கே போவது?

அவர் மறுநாள் பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போய், பார்ட்ஸ் கடையில் ஒரு போத்தல் மருந்து வாங்கி வந்தார். என் வாசலில் நின்று, வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார்.

"இது தண்ணிய வேற, டீசல வேறன்னு பிரிச்சிரும் டீச்சர். டீசலுக்குள்ள சிதறிக் கெடக்குற தண்ணியெல்லாம் ஒண்ணா சேந்து, கனம் கூடி அடியில போய் உக்காந்துரும். ஒரு ராத்திரி வண்டிய அசைக்காம விட்டுட்டு, காலையில தெறந்து விட்டா எல்லாம் வெளிய வந்துரும்னு கடைக்காரர் சொன்னாரு."

அவர் அதை டேங்கியில் ஊற்றியதை நான் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. அந்த நேரம் அவர் மகளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தன் மனைவியிடம் சொன்னாரா என்றால், அவர் எதையுமே சொல்லிச் செய்கிற ஆள் இல்லை. அக்கா கேட்காமல் செய்வார், இவர் சொல்லாமல் செய்வார். அந்தக் குடும்பம் அப்படித்தான் நடந்தது, நன்றாகவே நடந்தது.

அக்காவுக்குக் கினிகத்தேனையில் ஒரு தம்பி இருந்தார், மரக்கறி லொறி ஓட்டுகிறவர். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் அண்ணனுக்கும் அவருக்கும் வாய்த்தகராறு வந்து, இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அந்த வீட்டிலிருந்து ஒரு கத்தரிக்காய் வந்தால்கூட அண்ணன் தொடமாட்டார். வண்டி இருமிய அன்றே அக்கா தம்பிக்குப் போன் போட்டிருக்கிறார். அவரும் ஒரு போத்தலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் போனில் சொன்னதை அக்கா பிற்பாடு என்னிடம் அப்படியே சொன்னார்:

"இத ஊத்துனா தண்ணி பொடிப்பொடியா ஒடைஞ்சு டீசலோட கலந்துரும்க்கா. டீசலோட சேந்து எஞ்சினுக்குள்ள போயி எரிஞ்சிரும். வடிக்கவே வேணாம். நம்ம லொறிக்கு அதான் ஊத்துறேன்."

போத்தல் வந்து சேர்ந்தது, அண்ணன் தன்னுடைய மருந்தை ஊற்றிய அதே மாலை. அவர் கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா போத்தலை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போய் டேங்கியில் ஊற்றிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் போத்தலை அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். கேட்டால் வேண்டாம் என்பார். தம்பி கொடுத்தது என்றால் கட்டாயம் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை. அவ்வளவுதான். இதில் எந்த இடத்தில் தவறு என்று நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மகளுக்கு வலி வந்தால் வண்டி ஓட வேண்டும் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். இரண்டு பேரும் கையில் கிடைத்த மருந்தை ஊற்றினார்கள்.

காலையில் பனிமூட்டம். அண்ணன் குனிந்து திருகைத் திறந்து டம்ளரில் பிடித்தார். தூக்கிப் பார்த்தார். அடியில் கோடு இல்லை. இன்னும் கொஞ்சம் பிடித்தார். அப்போதும் இல்லை. டீசல் கொஞ்சம் மங்கலாக இருந்தது. ஆனால் அன்று மலை முழுக்கவே மங்கலாக இருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, அந்த வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

"ஒரு சொட்டு இல்ல டீச்சர். எல்லாத் தண்ணியும் போயிருச்சு."

அக்கா தேநீரோடு பக்கத்தில் நின்றார். அவர் முகத்தையும் நான் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்து முடித்தால் அவர் முகத்தில் ஒரு பெருமை வரும், உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே பார்ப்பார். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்தார். தன் மருந்து வேலை செய்துவிட்டது என்று அண்ணன் நினைத்தார். தன்னுடையது என்று அக்கா நினைத்தார். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்குத் தர்ஷினிக்கு வலி கண்டது. என்னையும் கூட வரச்சொன்னார்கள். பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்து, தலையை அக்கா மடியில் வைத்துக்கொண்டார். நான் காலடியில் உட்கார்ந்தேன். வண்டி தோட்டத்து ரோட்டில் ஒழுங்காக இறங்கியது. லிந்துலை தாண்டியது. நானுஓயா ஏற்றம் தொடங்கியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அண்ணன் கியரை மாற்றினார், மறுபடி மாற்றினார். பின்னால் வெள்ளைப் புகை ரோட்டை மறைத்தது. ஒரு வளைவில், ஒருபக்கம் தேயிலை, ஒருபக்கம் பள்ளம், அங்கே வண்டி ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது.

அண்ணன் இறங்கி ஃபில்டரைக் கழற்றினார், கையால் பம்ப் அடித்தார், ஓடிவந்து ஸ்டார்ட் போட்டார், மறுபடி இறங்கினார். ஒருமுறைகூட எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. நான் ரோட்டில் கொஞ்சதூரம் மேலே ஓடினேன், கீழே ஓடினேன். வேறு வருஷமாக இருந்தால் அந்த ரோட்டில் நிமிஷத்துக்கு ஒரு வண்டி போகும். அன்று ரோடு வெறிச்சென்று கிடந்தது. டீசல் இருந்தால்தானே வண்டி வரும். தர்ஷினி கத்துவதை நிறுத்திவிட்டு முனகத் தொடங்கினாள். அக்கா அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்பா இப்ப சரி பண்ணிருவாரு. தண்ணியெல்லாம் போயிருச்சும்மா, இது வேற ஏதோ சின்னக் கோளாறு. இப்ப சரியாயிரும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரல் இப்போதும் என் காதில் கேட்கிறது. அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

கடைசியில் வேறொரு தோட்டத்துக் கொழுந்து லொறி வந்தது. கொழுந்துச் சாக்குகளின் மேல் தர்ஷினியைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு அவர்களைக் கும்பிட வேண்டும். ஆண்குழந்தை. அழவே இல்லை. தொப்புள்கொடி முன்னால் வந்து அமுங்கிவிட்டது, கொஞ்ச நேரம் முந்தி வந்திருந்தால் பிள்ளையை உயிரோடு எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். அவர் யாரையும் குறை சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார்.

அண்ணன் அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தார். தோட்டத்தில் புதைத்தோம். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

வேனை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து லயத்து வாசலில் விட்டிருந்தார்கள். சில நாள் கழித்து ஹட்டனிலிருந்து மெக்கானிக் வந்தார், பாஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சிங்களவர், வயதானவர், எங்களோடு தமிழில்தான் பேசுவார், ஐயாவுக்கு மாத்தையா, அம்மாவுக்கு நோனா என்பது மட்டும் சிங்களம். பம்பைக் கழற்றி ஒரு துணியில் பரப்பினார், உள்ளே துரு பிடித்திருந்தது. டேங்கியிலிருந்து ஒரு போத்தல் டீசல் எடுத்து மதிலின்மேல் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தார். நெடுநேரம் கழித்து அந்தப் போத்தலை எடுத்துப் பார்த்தார். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி அப்படியே கலங்கி நின்றது. பாஸ் அண்ணனைக் கூப்பிட்டார்.

"இதுக்கு மருந்து போட்டதா?"

"ஆமா பாஸ். தண்ணி பிரிக்கிறது, ஒரு போத்தல்."

"அது மட்டும் போட்டா இப்பிடி நிக்காது மாத்தையா. தண்ணி கீழ வரும். இது கலக்குற மருந்தும் போட்டிருக்கு. ஒண்ணு பிரிக்கும், மத்தது பிரிக்க விடாது. ரெண்டும் போட்டா ரெண்டும் வேல இல்ல. தண்ணி உள்ளேயே ஒளிஞ்சி நிக்கும், ஃபில்டருக்கும் தெரியாது, மனுசனுக்கும் தெரியாது."

அண்ணன், தான் ஒன்றுதான் ஊற்றியதாகச் சொன்னார். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்றுகூடச் சொல்லத் தொடங்கினார். அக்கா கதவோரம் நின்றிருந்தார். அவர் பேசாமல் இருந்திருந்தால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. போத்தல் அடுப்பில் எரிந்து சாம்பலாகிவிட்டது. தம்பி கினிகத்தேனையில் இருந்தார்.

"நானும் ஒரு போத்தல் ஊத்துனேங்க" என்றார்.

உள்ளே கட்டிலில் தர்ஷினி படுத்திருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும். அண்ணன் கையில் இருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"சொல்லியிருக்கலாமே" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அன்றைக்கும் அவ்வளவுதான், அதற்குப் பிறகும் அவ்வளவுதான். அடித்திருக்கலாம். கத்தியிருக்கலாம். தோட்டமே கேட்கும்படி ஏசியிருந்தால் அக்கா அழுது தீர்த்திருப்பார் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். பாஸுக்கே மனசு கேட்கவில்லை. பெரலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூடியைச் சுற்றி மழைத்தண்ணீர் நிற்கிறது, பகலில் சூடாகி மாலையில் குளிரும்போது பெரல் அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். "இவ்வளவு தண்ணிக்கு எந்த மருந்தும் காணாது நோனா. மருந்து கொஞ்சத் தண்ணிக்குத்தான். இந்த டீசல முழுக்கக் கொட்டியிருக்கணும். உங்கட மேல பிழ இல்ல" என்றார்.

நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அக்காவிடம் பலமுறை சொன்னேன். பாஸ் சொன்னாரே, எப்படியும் அந்த டீசல் ஆகாது என்றாரே. அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒருநாள் சொன்னார்:

"நான் ஊத்தாட்டி தண்ணி கீழ எறங்கியிருக்கும் டீச்சர். வடிக்க வடிக்கத் தீராம வர்றத காலையில டம்ளர்ல அவரு பாத்திருப்பாரு. பாத்திருந்தா வண்டிய எடுத்திருக்க மாட்டாரு. காலையிலயே அந்தக் கொழுந்து லொறிக்காரங்கள எங்கயாவது போய் கேட்டு வச்சிருப்பாரு. அவரு கண்ணுக்குத் தெரியாம மறைச்சது நாந்தானே."

பாஸ் சொன்னதை நான் மறுபடி அவரிடம் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் கேட்கத் தொடங்கினார். முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. குழாயடியில் என் வாளி வழியில் இருந்தது. "டீச்சர், இத நகத்தட்டுமா?" என்றார். நகர்த்துங்கள் என்றேன். வீட்டில் அண்ணனிடம், "டீ ஊத்தட்டுமாங்க?" "கறிக்கு உப்பு போடட்டுமாங்க?" என்று கேட்பது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பார். சில பெண்கள் ஆரம்பத்தில் கேலி செய்தார்கள், "அக்கா, மூச்சு விடட்டுமான்னு கேக்கலையா?" என்று. பிறகு கேலி நின்றுபோனது. அந்தத் தோட்டத்தில் எத்தனை காரியங்கள் யாருக்கும் தெரியாமல் அவர் கையால் நடந்திருந்தன என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிள்ளைகள் மூக்கு வடிந்துகொண்டே முன்பள்ளிக்கு வந்தார்கள். கோயில் வாசலில் சருகு குவிந்தது. காய்ச்சலில் படுத்த கிழவர் ஒருவர் பட்டினியாகவே கிடந்தார். கேட்டதற்கு வேண்டாம் என்று சொன்னாராம்.

ஒருநாள் நான் டவுனுக்குப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாசல் கம்பியில் என் உடுப்புகள். திரும்பி வந்து பார்த்தால் அக்கா அந்த மழையில் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிறார். உடுப்புகள் நனைந்து தொங்குகின்றன. அவரும் நனைந்து நிற்கிறார். "போன் போட்டேன் டீச்சர், நீங்க எடுக்கல. எடுத்து உள்ள வைக்கட்டுமா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று தெரியவில்லை. கம்பியோடு இழுத்து எல்லாவற்றையும் வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய் அழுதேன். ஜோர்ஜெட் சேலைக்குக் கஞ்சி போட்ட அந்தக் கையை எனக்குத் திரும்பக் கொடுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

தர்ஷினி அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அம்மா நல்லதுக்குத்தானே ஊத்துனாங்க" என்று என்னிடம் சொன்னாள். அம்மாவிடமும் சொல்லியிருப்பாள். இரண்டு வருஷம் கழித்து மறுபடி உண்டானாள். இந்த முறை நாள் நெருங்குவதற்கு முன்பே நுவரெலியாவில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்துகொண்டார்கள். பெண்குழந்தை. கத்திக்கொண்டே பிறந்தது என்று அண்ணன் போனில் சொன்னார். குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்தார்கள். தோட்டமே போய்ப் பார்த்தது. அக்கா மட்டும் கட்டிலிலிருந்து ஓரடி தள்ளி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார். "பிடிங்கம்மா" என்று தர்ஷினி அவர் மடியில் வைத்தால் வைத்திருப்பார். வாங்கிக்கொண்டால் கொடுத்துவிடுவார். தானாகத் தொட்டதை யாரும் பார்க்கவில்லை.

நான் மஸ்கெலியாவுக்கு மாற்றலாகி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் பழுது பார்த்த வேனை எடுத்துக்கொண்டு போயிருந்தார். தர்ஷினி பிள்ளையைத் தூங்க வைத்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரோட்டடியில் இருக்கிற கடைக்குப் போயிருந்தாள். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழத் தொடங்கியது. நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. மூச்சுப் பிடித்து வீறிட்டது. அப்போது என் வாசலில் நிழல் விழுந்தது. அக்கா நின்றார். ஓடி வந்திருக்கிறார், முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், புள்ள அழுவுது. தூக்கட்டுமா?"

"ஐயோ அக்கா, தூக்குங்க" என்றேன்.

அவர் திரும்பி இரண்டடி வைத்தார். பிறகு நின்றுவிட்டார். கை இரண்டும் பிள்ளையை ஏந்துகிற மாதிரி முன்னால் நீட்டியபடியே இருந்தன.

"தர்ஷினிய ஒரு வார்த்த கேட்டுருங்க டீச்சர்" என்றார்.

நான் போனை எடுத்து அவள் நம்பரைத் தேடினேன். பிள்ளை அழுதுகொண்டிருந்தது.